கட்டத்தில் 'டிக்' அடித்தால் ஒப்பந்தம் தயார்! என்.எப்.டி. வெளியிடும் இளைஞர்கள் கவனத்துக்கு...

பத்திர ஆபீஸ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பத்திரம் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்து எழுதுவதில்லை. அவரிடம் ஒரு மாதிரி இருக்கும். விற்பவர் யார், வாங்குபவர் யார், சர்வே நம்பர் என்ன, நான்கு எல்லை எது, தொகை எவ்வளவு என்று கேட்பார். காலி இடங்களை நிரப்புவார். அரை மணி நேரத்தில் பத்திரம் தயார்.

இதே வேலையைச் செய்யும் கம்ப்யூட்டர் எழுத்தர்கள் இப்போது வந்துவிட்டார்கள். இவர்கள் எழுதித் தருவது நிலப் பத்திரம் அல்ல. என்.எப்.டி. என்று சொல்லப்படும் டிஜிட்டல் டோக்கன்களுக்கான ஒப்பந்தம். கூலி கிடையாது. திரையில் உள்ள கட்டங்களில் 'டிக்' அடித்தால் போதும். ஐந்தே நிமிடத்தில் ஒப்பந்தம் கையில்!

பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளில் பலர் இதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். படம் வரைகிறவர்கள், இசைக்குழு நடத்துகிறவர்கள், சங்க விழாவுக்குப் புதுமாதிரி டிக்கெட் போட நினைப்பவர்கள் இவர்களைத் தேடி வருவதும் உண்டு. "தம்பி, நமக்கும் ஒன்று செய்து தர முடியுமா?" என்பார்கள். "அது என்ன அண்ணா பெரிய விஷயம்? அஞ்சு நிமிஷம்!" என்று பதில் வரும்.

ஐந்து நிமிடம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அடிக்கும் ஒவ்வொரு 'டிக்'கும், நாளை பணம் கொடுத்து வாங்கப்போகும் ஒருவருக்குக் கொடுக்கும் வாக்கு. நிலப் பத்திரத்தில் தவறு நேர்ந்தால் பிழைத்திருத்தப் பத்திரம் போடலாம். இங்கே சாதாரணமாக அதற்கு வழி கிடையாது. ஒரு முறை பேரேட்டில் ஏறிவிட்டால் ஏறியதுதான்.

எடை எந்திரமும் ஒப்பந்தமும்

முதலில் இந்த டோக்கன் என்ன என்று பார்ப்போம்.

உங்கள் பையில் உள்ள பத்து ரூபாய் நோட்டும் என் பையில் உள்ள பத்து ரூபாய் நோட்டும் ஒன்றுதான். மாற்றிக் கொண்டால் இருவருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு மனையும் என் வீட்டு மனையும் அப்படி அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி சர்வே நம்பர் உண்டு. என்.எப்.டி. இந்த இரண்டாவது ரகம். ஒன்றுக்கு இன்னொன்று ஈடாகாது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பது ஒரு பேரேட்டில் பதிவாகி இருக்கும்.

அந்தப் பேரேடு ஓர் ஆபீசில் பூட்டி வைக்கப்பட்டது அல்ல. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே மாதிரி பிரதிகள் இருக்கும். ஒருவர் மட்டும் தன் பிரதியைத் திருத்தினால் மற்றவை ஏற்றுக்கொள்ளா. இதுதான் பிளாக்செயின். இவற்றில் பெயர் பெற்றது எத்தீரியம். விட்டாலிக் பியூட்டரின் 2013-ல், தமது 19-வது வயதில் இதற்கான திட்டத்தை எழுதினார். 2015 ஜூலை 30-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

எத்தீரியத்தின் சிறப்பு என்னவென்றால், பேரேட்டுக்குள்ளேயே புரோகிராமை எழுதி வைத்துவிடலாம். இதைத்தான் ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்கிறார்கள். நிக் சாபோ என்ற அமெரிக்கர் 1990-களிலேயே இந்த யோசனையைச் சொன்னவர். நாணயம் போட்டால் பொருள் தரும் எந்திரத்தை அவர் உதாரணம் காட்டினார். நமக்குத் தெரிந்த உதாரணம் ரெயில் நிலையத்தில் எடை பார்க்கும் எந்திரம். காசு விழுந்தால் சீட்டு வரும். அதனிடம் கடன் சொல்ல முடியாது, சிபாரிசு செல்லாது. அதே சமயம், எந்திரத்தின் உள்ளே கோளாறு இருந்து காசை விழுங்கிவிட்டால் அதனிடம் முறையிடவும் முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

என்.எப்.டி. ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2018 ஜனவரியில் ஒரு பொது விதி எழுதப்பட்டது. அதன் பெயர் 'இ.ஆர்.சி. 721'. இந்த எண்ணுள்ள டோக்கன் யாருடையது, ஒருவரிடம் எத்தனை டோக்கன் இருக்கிறது, எப்படி ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்கு மாறும், உரியவர் தமக்குப் பதிலாக ஏஜெண்டை எப்படி நியமிப்பார் என்பவைதான் அதன் முக்கிய அம்சங்கள். எல்லோரும் ஒரே விதிப்படி எழுதுவதால் எந்தச் சந்தையிலும் எந்த டோக்கனும் செல்லுபடி ஆகும்.

இந்த டோக்கன்களுக்கு உலகப் புகழ் தேடித் தந்த சம்பவத்தில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. 2021 மார்ச் மாதம் கிறிஸ்டி ஏலக் கம்பெனியில் பீப்பிள் என்ற அமெரிக்க ஓவியரின் டிஜிட்டல் படம் 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு விலை போனது. அன்றைய மதிப்பில் சுமார் 500 கோடி ரூபாய். 'மெட்டாகோவன்' என்ற புனைபெயரில் அதை வாங்கியவர் தமிழ்நாட்டில் இருந்து சென்று சிங்கப்பூரில் வாழும் விக்னேஷ் சுந்தரேசன். 'கோவன்' என்றால் அரசன் அல்லவா? புனைபெயரிலும் தமிழை விடவில்லை!

அப்போது பற்றிய காய்ச்சல் 2022-ல் இறங்கிவிட்டது. விலைகளும் விழுந்தன. ஆனால் டிக்கெட், உறுப்பினர் அட்டை, சான்றிதழ், ஓவியம் என்று டோக்கன் போடும் வேலை நிற்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

'டிக்' அடிக்கும் இடம்

ஒப்பந்தத்தை எழுதும் மொழிக்கு சாலிடிட்டி என்று பெயர். அதைக் கற்றுக்கொள்ளாமலே ஒப்பந்தம் எழுத உதவும் படிவங்கள் பல. அவற்றில் அதிகம் புழங்குவது ஓப்பன்செப்பலின் என்ற நிறுவனத்தின் 'விசார்டு'. அர்ஜென்டினா நாட்டு இளைஞர்கள் 2015-ல் தொடங்கிய நிறுவனம் இது. பல வல்லுநர்கள் சோதித்துப் பார்த்த புரோகிராம் துண்டுகளை இலவசமாக வெளியிடுகிறது. 'விசார்டு' என்பது அந்தத் துண்டுகளைக் கோத்துக் கொடுக்கும் படிவம்.

திரையின் இடப்பக்கம் கட்டங்கள். வலப்பக்கம் புரோகிராம். இடப்பக்கம் ஒரு கட்டத்தில் 'டிக்' அடித்தால், வலப்பக்கம் சில வரிகள் தானே முளைக்கின்றன. 'டிக்'கை எடுத்தால் மறைகின்றன. பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்!

முதலில் பெயரும் சுருக்கப் பெயரும் கேட்கும். அதில் சிக்கல் இல்லை. அடுத்துதான் விஷயம் ஆரம்பம்.

'மின்டபிள்' என்று ஒரு கட்டம். சென்னையில் மின்ட் தெருவைத் தங்கசாலை என்கிறோமே, அதே மின்ட்தான். இதில் 'டிக்' அடித்தால், ஒப்பந்தத்தின் சொந்தக்காரர் புதிய டோக்கன் அச்சடிக்கலாம். எத்தனை அடிக்கலாம்? அங்கேதான் கவனிக்க வேண்டும். இந்த 'டிக்' தரும் வரிகளில் உச்சவரம்பு எதுவும் இல்லை. ஓவியர் தமது விளம்பரத்தில் "நூறு பிரதிகள் மட்டுமே" என்று சொல்லலாம். ஒப்பந்தமோ "எத்தனை வேண்டுமானாலும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஓவியர் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய ரகசியச் சாவி திருடன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? நூறு என்பது ஆயிரமாகி, முதலில் வாங்கிய நூறு பேரும் ஏமாளிகள் ஆவார்கள். 'நூறுக்கு மேல் கூடாது' என்ற ஒரு வரியைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். எந்திரம் சொல்லித் தராத வரி அது.

'பாசபிள்' என்ற கட்டம், அவசரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும் அதிகாரம். திருட்டு நடக்கும்போது கடையின் ஷட்டரை இழுத்து விடுவது போல. நல்லதுதான். ஆனால் ஷட்டரின் சாவி யாரிடம்? சொந்தக்காரர் ஒருவரிடம். அவர் நினைத்தால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய டோக்கனை நீங்களே விற்க முடியாமல் செய்யலாம். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறார்களா என்பது சந்தேகம்.

'பர்னபிள்' என்பது டோக்கனை உரியவரே அழித்துவிட அனுமதி. டிக்கெட்டுக்குப் பொருந்தும்.

'இன்யூமரபிள்' கட்டம் டோக்கன்களை வரிசைப் பட்டியலாக வைத்திருக்க உதவும். ஆசைப்பட்டு இதில் 'டிக்' அடிப்பவர்கள் அதிகம். பேரேட்டில் ஒவ்வொரு எழுத்தும் எழுதக் கட்டணம் உண்டு. அதற்கு 'காஸ்' என்று பெயர் (சமையல் காஸ் அல்ல!). பட்டியல் வைத்தால் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூடுதல் எழுத்து, கூடுதல் காஸ். அதைக் கட்டப்போவது பெரும்பாலும் ஓவியர் அல்ல, வாங்குகிறவர். 2022 ஏப்ரல் இறுதியில் யுகா லேப்ஸ் என்ற நிறுவனம் 'அதர்சைடு' என்ற கற்பனை உலகத்தில் 55,000 மனைகளை டோக்கனாக விற்றது. ஒரே நேரத்தில் கூட்டம் மோதியதால் காஸ் கட்டணம் வானத்தைத் தொட்டது. மனையின் விலையை விடக் கட்டணம் கூடுதலாகக் கொடுத்தவர்களும் உண்டு. ஒப்பந்தத்தைச் சிக்கனமாக எழுதியிருந்தால் பெருந்தொகை மிச்சமாகி இருக்கும் என்று புரோகிராமர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள்.

சாவி யாரிடம்?

என்னைக் கேட்டால், படிவத்தில் முக்கியமான கட்டம் அதிகாரம் பற்றியதுதான். 'ஓனபிள்' என்று தேர்ந்தெடுத்தால் எல்லா அதிகாரமும் ஒரே முகவரிக்கு. 'ரோல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் அச்சடிப்பவர் ஒருவர், நிறுத்தி வைப்பவர் வேறொருவர் என்று பிரிக்கலாம். சங்கத்தில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போடுவது போல, மூவரில் இருவர் கையெழுத்து வேண்டும் என்ற ஏற்பாட்டின் கையில் சாவியைக் கொடுப்பதும் சாத்தியம். சங்கமோ கம்பெனியோ வெளியிடும் டோக்கனுக்கு இதுவே சரி. தனி ஆளின் சாவி தொலைந்தால் அதிகாரமும் அதோடு போயிற்று. மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றித் தர இங்கே ஆபீஸ் கிடையாது.

'அப்கிரேடபிள்' என்றும் ஒரு கட்டம் உண்டு. வெளியே தெரியும் முகவரி அப்படியே இருக்கும். உள்ளே இயங்கும் புரோகிராமை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடையின் பெயர்ப்பலகை அதே, உள்ளே முதலாளி வேறு! பிழை வந்தால் திருத்த வசதி என்பது ஒரு பக்கம். இன்று நீங்கள் படித்துப் பார்த்து வாங்கிய ஒப்பந்தம் நாளை வேறாக மாறலாம் என்பது மறு பக்கம். நூறு படங்களை வெளியிடும் ஓவியருக்கு இது தேவை இல்லை என்பது என் கருத்து.

படம் எங்கே இருக்கிறது?

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. என்.எப்.டி. வாங்கினால் படம் பேரேட்டில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. படத்தைப் பேரேட்டில் எழுதினால் காஸ் கட்டி மாளாது. அதனால் படம் இருக்கும் முகவரி மட்டுமே ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த முகவரியில் நாளை என்ன இருக்கும் என்பதற்கு ஒப்பந்தம் பொறுப்பு அல்ல.

இதை நிரூபித்துக் காட்டியவர் 'சிக்னல்' என்ற செய்தி அனுப்பும் செயலியை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக். 2022 ஜனவரியில் அவர் ஒரு வேடிக்கையை வெளியிட்டார். அவர் செய்த என்.எப்.டி.யை ஒரு சந்தையில் பார்த்தால் ஒரு படம், இன்னொரு சந்தையில் பார்த்தால் வேறு படம். வாங்கி உங்கள் டிஜிட்டல் பணப்பையில் வைத்தாலோ, சொல்லக் கூசும் ஒரு பொருளின் படம்!

வேடிக்கை இருக்கட்டும். நைக் காலணிக் கம்பெனியைத் தெரியாதவர் இல்லை. அது 2021-ல் வாங்கிய 'ஆர்டிபேக்ட்' என்ற நிறுவனம் 'குளோன் எக்ஸ்' என்ற பெயரில் சுமார் 20,000 டோக்கன்களை வெளியிட்டிருந்தது. 2025 ஏப்ரலில் ஒரு நாள் படங்கள் மறைந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாக, 'இந்தப் படம் தடை செய்யப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்தது. படங்களை வைத்திருந்த சர்வர் கணக்கில் ஏற்பட்ட சிக்கலே காரணம். படங்கள் பிறகு திரும்பின. உலகக் கம்பெனியின் டோக்கனுக்கே இந்தக் கதி என்றால், வருடா வருடம் வாடகை கட்ட வேண்டிய சொந்த வெப்சைட்டில் படத்தை வைக்கும் நம் ஊர் ஓவியரின் டோக்கன் என்ன ஆகும்?

'ஐ.பி.எப்.எஸ்.' என்ற முறையில் படத்துக்கு அதன் உள்ளடக்கத்தில் இருந்தே முகவரி கிடைக்கும். படம் ஒரு புள்ளி மாறினாலும் முகவரி மாறிவிடும். எனவே ஏமாற்ற முடியாது. ஆனால் அங்கும் யாராவது ஒருவர் படத்தை வைத்திருக்க வேண்டும். படிவத்தில் உள்ள 'பேஸ் யூ.ஆர்.ஐ.' என்ற சிறு காலி இடத்தில் எதை எழுதுகிறோம் என்பதில்தான் இவ்வளவும் அடங்கி இருக்கிறது.

260 கோடி ரூபாய்ப் பூட்டு

படிவத்தில் வரும் வரிகளோடு நின்றால் ஓரளவு பயம் இல்லை. ஆனால் யாரும் அதோடு நிற்பதில்லை. ஏலம் வேண்டும், தள்ளுபடி வேண்டும், ஆளுக்கு இரண்டு மட்டும் என்று வரம்பு வேண்டும் என்று தங்கள் தேவைக்கு ஏற்பச் சேர்க்கிறார்கள். வினை அங்கேதான் நுழைகிறது.

மைக்கா ஜான்சன் அமெரிக்காவில் பேஸ்பால் விளையாடியவர். பிறகு ஓவியர் ஆனார். விண்வெளி வீரனாக ஆசைப்படும் ஒரு கறுப்பினச் சிறுவனை அவர் படைத்தார். 'ஆகு' என்று அந்தச் சிறுவனுக்குப் பெயர். 2022 ஏப்ரலில் 'ஆகுடார்ஸ்' என்ற டோக்கன்கள் ஏலத்துக்கு வந்தன. விலை நேரத்துக்கு நேரம் இறங்கிக்கொண்டே வரும் ஏலம். கடைசி விலை எதுவோ, அதற்கு மேல் கொடுத்தவர்களுக்கு மீதிப் பணம் திரும்ப வரும். நியாயமான ஏற்பாடு. மீதியை எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகே ஓவியர் தம் பணத்தை எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டார்கள். அதுவும் நியாயமே.

பிழை எங்கே? பணம் திரும்பப் பெற்றவர்களை ஒப்பந்தம் தலை எண்ணியது. முடிந்துவிட்டதா என்று பார்க்கும்போதோ, விற்ற டோக்கன்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டது. மூன்று பேர் ஐந்து டோக்கன் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் மீதி கொடுத்தாயிற்று. கணக்கு மூன்றில் நிற்கிறது. ஒப்பந்தமோ ஐந்து வரட்டும் என்று காத்திருக்கிறது. ஐந்து என்றைக்கும் வராது!

இப்படி அகப்பட்டுக்கொண்ட தொகை 11,539 ஈதர். அன்றைய மதிப்பில் 3 கோடியே 40 லட்சம் டாலர். அதாவது சுமார் 260 கோடி ரூபாய். திருடன் யாரும் எடுக்கவில்லை. உரியவராலும் எடுக்க முடியாது. பேரேட்டைத் திறந்தால் பணம் கண்ணுக்குத் தெரியும். கைக்கு எட்டாது. கிராமத்துக் கல்யாணத்தில் பந்திக்கு இலை எண்ணுகிறவரும் தலை எண்ணுகிறவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். இங்கே கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

அனுபவசாலிகளுக்கும் இது நேரும். 'கிரிப்டோபங்க்ஸ்' என்ற 10,000 சிறு முகங்கள்தான் இந்த வகையில் முன்னோடி. மாட் ஹால், ஜான் வாட்கின்சன் என்ற இருவர் 2017 ஜூனில் வெளியிட்டார்கள். அவர்களுடைய முதல் ஒப்பந்தத்தில் வாங்கியவர் கொடுத்த பணம், விற்றவருக்குப் போகாமல் வாங்கியவர் பெயருக்கே வரவாகிவிட்டது! காரணம், இரண்டு வரிகள் முன்பின்னாக இருந்ததுதான். முதல் வரி, 'இனி இது விற்பனைக்கு இல்லை' என்று பதிவு செய்யும்போது விற்பவர் பெயர் இருந்த இடத்தில் புதிய உரிமையாளரின் பெயரை எழுதிவிட்டது. அடுத்த வரி, 'விற்பவருக்குப் பணத்தை வரவு வை' என்றது. அந்த இடத்தில் இப்போது இருந்தது வாங்கியவர் பெயர்! பிழையைக் கண்டதும் புதிய ஒப்பந்தம் எழுதி, பழைய உரிமையாளர் பட்டியலை அதில் ஏற்றினார்கள். பழைய ஒப்பந்தம் அழியவில்லை. அது பாட்டுக்குப் பேரேட்டில் கிடக்கிறது.

படிவம் எழுதிக் கொடுத்த துண்டுகளில் மட்டும் ஆபத்தே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. தேர்ட்வெப் என்ற நிறுவனம் இத்தகைய ஆயத்த ஒப்பந்தங்களைத் தருவதில் பெயர் பெற்றது. 2023 நவம்பரில் தமது ஒப்பந்தங்கள் பலவற்றில் ஓட்டை இருப்பதை அது அறிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்தது. இதில் வினோதம் என்னவென்றால், ஓட்டை எந்த ஒரு துண்டிலும் தனியாக இல்லை. ஒருவர் கையெழுத்திட்ட கட்டளையை இன்னொருவர் காஸ் கட்டிக் கொண்டு வந்து சேர்க்கும் வசதி ஒரு துண்டு. பல கட்டளைகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும் வசதி இன்னொரு துண்டு. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்தபோது, கட்டளை இட்டவர் யார் என்பதை மாற்றிக் காட்ட வழி பிறந்துவிட்டது. தேனும் நெய்யும் தனித்தனியே நல்லது, சம அளவில் சேர்த்தால் ஆகாது என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வது போல! பழைய ஒப்பந்தத்தைப் பூட்டிவிட்டு, உரிமையாளர்களைப் புதிய ஒப்பந்தத்துக்கு மாற்றும்படி வாடிக்கையாளர்களுக்கு அது வழி சொல்லிக் கொடுத்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. டோக்கனை அச்சடித்துக் கொடுக்கும் 'சேப்மின்ட்' என்ற கட்டளை, பெறுகிறவர் மனிதராக இல்லாமல் இன்னொரு ஒப்பந்தமாக இருந்தால், "இதைப் பெற்றுக்கொள்ள உனக்குத் தெரியுமா?" என்று அதைக் கேட்கும். கேட்கிற அந்த நொடியில், பெறுகிறது திரும்ப உள்ளே நுழைந்து இன்னொரு டோக்கன் கேட்கும். 'ஆளுக்கு இரண்டு' என்ற கணக்கை அதற்கு முன்பே எழுதியிருக்காவிட்டால் வரம்பு காற்றில் பறக்கும். பெயரில் 'சேப்' இருப்பதால் பாதுகாப்பு என்று நம்பி ஏமாந்த வெளியீடுகள் உண்டு.

செயற்கை அறிவு எழுதினால்?

இப்போது கட்டங்கள் கூட வேண்டாம். செயற்கை அறிவு எந்திரத்திடம், "நூறு டோக்கன், விலை இவ்வளவு, எழுதிக் கொடு" என்றால் எழுதித் தருகிறது. விளக்கமும் தருகிறது. வசதி என்பதில் சந்தேகம் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஓப்பன்செப்பலின் துண்டுகள் 2023 அக்டோபரில் 5-ம் பதிப்புக்கு மாறின. சில பழைய கட்டளைகள் நீக்கப்பட்டன. டோக்கன் கைமாறும்போது நடக்க வேண்டியவற்றை எழுதும் இடம் மாறியது. தொடக்கத்திலேயே சொந்தக்காரர் முகவரியைச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. எந்திரம் பழையதையும் புதியதையும் கலந்து எழுதிவிடுவது உண்டு. கம்ப்யூட்டர் அதை ஏற்க மறுத்தால் அதிர்ஷ்டம். ஏற்றுக்கொண்டு தவறாக நடந்தால்தான் ஆபத்து.

எந்திரம் எழுதிய வரிகளை, அதை எழுதச் சொன்னவரைத் தவிர இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும். எத்தனை பெரிய கில்லாடியாக இருந்தாலும் தம் பிழை தம் கண்ணுக்குத் தெரியாது. பெங்களூரில் இப்படிப் படித்துச் சொல்லக்கூடிய நண்பர் கிடைப்பது அரிது அல்ல. டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாவது பிடித்து உட்கார வையுங்கள்!

ராயல்டி, உரிமை, வரி

ஓவியர்களை அதிகம் கவர்ந்தது, படம் கைமாறும் ஒவ்வொரு முறையும் ராயல்டி வரும் என்ற பேச்சு. 'இ.ஆர்.சி. 2981' என்ற விதிப்படி அதை ஒப்பந்தத்தில் எழுதலாம். ஆனால் அது சொல்வது 'இவ்வளவு தர வேண்டும்' என்பதை மட்டுமே. வாங்கிக் கொடுப்பது அதன் வேலை அல்ல. சந்தைகள் மனம் வைத்தால்தான் உண்டு. மிகப் பெரிய சந்தையாக இருந்த ஓப்பன்சீ, ராயல்டியைக் கட்டாயமாக வசூலிப்பதைக் கைவிடுவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. எனவே ராயல்டியை நம்பிக் கணக்குப் போடாமல், முதல் விற்பனையிலேயே தம் உழைப்புக்கு உரிய விலையை வைப்பது ஓவியருக்கு நல்லது.

டோக்கனை வாங்கியவருக்குப் படத்தின் பதிப்புரிமையும் வந்துவிடுமா? வராது. நம் நாட்டின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்து மூலமான, கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். காலண்டரில் அச்சிடலாமா, சட்டையில் போடலாமா என்பதை விற்கும்போதே தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் வழக்கு இல்லை.

வரியைச் சொல்லாமல் விட்டால் தவறு. டிஜிட்டல் சொத்துக்களைக் கைமாற்றி வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. என்.எப்.டி.யும் அதில் சேரும். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஒரு சதவீதப் பிடித்தமும் வந்தது. தானே வரைந்து தானே வெளியிடும் ஓவியரின் வருமானத்தை எந்தக் கணக்கில் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது மேல்.

ஒத்திகை

நாடகத்துக்கு ஒத்திகை போல ஒப்பந்தத்துக்கும் ஒத்திகை மேடை உண்டு. 'செப்போலியா' என்பது எத்தீரியத்தின் சோதனைப் பேரேடு. அங்கே புழங்கும் ஈதருக்கு விலை கிடையாது, இலவசமாகவே கிடைக்கும். ஒப்பந்தத்தை முதலில் அங்கே ஏற்றி, நான்கைந்து நண்பர்களை விட்டு வாங்கச் சொல்லுங்கள், விற்கச் சொல்லுங்கள், வேண்டுமென்றே குறும்பு செய்யச் சொல்லுங்கள். ஒருவரை ஒன்றும் இன்னொருவரை மூன்றும் வாங்கச் சொல்லுங்கள். வரம்புக்கு மேல் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். கடைசியில் வசூலான பணத்தை எடுத்துப் பாருங்கள். வாங்குவதைச் சோதிப்பவர்கள் பலர், பணம் வெளியே வருகிறதா என்று சோதிப்பவர்கள் சிலரே.

எல்லாம் சரியாக இருந்தால் உண்மைப் பேரேட்டில் ஏற்றலாம். ஏற்றியவுடன் 'ஈதர்ஸ்கேன்' என்ற வெப்சைட்டில் ஒப்பந்தத்தின் முழு வரிகளையும் எல்லோரும் படிக்கும்படி பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. அப்படிப் பதிவு செய்யாத ஒப்பந்தத்தில், எத்தனை டோக்கன் அச்சடிக்கலாம், ஷட்டரின் சாவி யாரிடம் என்பதை வாங்குகிறவர் படித்துப் பார்க்க வழி இல்லை. அங்கே பணம் போடுவதற்கு முன், ஏன் பதிவு செய்யவில்லை என்று வெளியிட்டவரைக் கேளுங்கள்.